கிரீஸ் ட்ராப்ல பாக்டீரியா பொடி போட்டும் நாத்தம் போகல, உதவி வேணும்

உட்லண்ட்ஸ்_கிச்சன்:
வணக்கம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல ஒரு சின்ன கேட்டரிங் கிச்சன் நடத்துறோம். தினமும் இட்லி, தோசை, வடை, சாம்பார். சனி ஞாயிறுன்னா பிரியாணி. பாத்திரம் கழுவுற தண்ணி முழுக்க தரைக்குக் கீழ இருக்கிற கிரீஸ் ட்ராப் (எண்ணெய், கொழுப்பைப் பிடிச்சு நிறுத்துற தொட்டி) வழியாத்தான் போகுது. கொஞ்ச நாளா அதுல அழுகின முட்டை நாத்தம். காலைல மூடியைத் தூக்கினா கிட்ட நிக்க முடியல. பக்கத்து யூனிட் பேக்கரி வரைக்கும் வீசுது.

காலைல கிச்சன் திறந்ததும் கடையில வாங்கின பாக்டீரியா பொடி ஒரு பாக்கெட் போடுறோம். சாயங்காலம் அம்மா போட்டுக் குடுக்கிற பழத்தோல் என்சைம் ஒரு பாட்டில். ராத்திரி பிளீச் ஊத்தித் தரை கழுவுவோம், அந்தத் தண்ணியும் அதே ட்ராப்புக்குத்தான் போகுது. முடிஞ்ச வரைக்கும் இயற்கையா செய்யணும்னு ஆசை. ஆனா நாத்தமும் குறையல, மேல மிதக்கிற வெள்ளைக் கட்டியும் கரையல. பொடியை மாத்தணுமா, அளவைக் கூட்டணுமா?

ஈசூன்_தோட்டம்:
என்சைம் நானும் வீட்டுல போடுறேன் தம்பி. 1 பங்கு வெல்லம், 3 பங்கு பழத்தோல், 10 பங்கு தண்ணி, 3 மாசம் ஊறணும். அம்மா போட்டது நல்லா ஊறியிருக்கான்னு கேளுங்க. ரெண்டு பாட்டிலா ஊத்திப் பாக்கலாமே?

பழைய_ஆபரேட்டர்:
அக்கா, கோவிச்சுக்காதீங்க, அது வேண்டாம். தம்பி, மத்ததெல்லாம் அப்புறம். இன்னைக்கு ராத்திரியே நிறுத்த வேண்டியது ஒண்ணு இருக்கு. பழத்தோல் நீர் நல்ல புளிப்பு, அதாவது அமிலம். பிளீச்ல இருக்கிறது சோடியம் ஹைப்போகுளோரைட். ரெண்டும் ஒரே குழியில சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும். மூடிக்கு மேல குனிஞ்சு நிக்கிற பையனுக்கு மூச்சே அடைச்சிடும். அழுகின முட்டை வாசம் ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கிற விஷ வாயு. அது அளவு ஏறினா மூக்கு மரத்துப்போகும், வாசமே தெரியாது. அதனால யாரும் தலையை உள்ள விட்டுப் பாக்க வேண்டாம்.

இப்ப பொடி விஷயம். நான் கழிவுநீர் நிலையத்துல வேலை பாத்தவன், பாக்டீரியாவை மனசார நம்புறவன். 1914ல மான்செஸ்டர்ல ஆர்டர்ன், லாக்கெட்னு ரெண்டு பேர் கழிவுநீர்ச் சேத்துக்குக் காத்து ஊதி, அதுல இருக்கிற உயிரை வச்சே தண்ணியைச் சுத்தம் பண்ணிக் காட்டினாங்க. இன்னைக்கும் சாங்கி கழிவுநீர் நிலையத்துல அதே முறைதான் அடிப்படை. ஆனா அங்க ராப்பகலா காத்து ஊதுறாங்க, தண்ணி மணிக்கணக்கா நிக்குது. உங்க ட்ராப்புல காத்தும் இல்ல, பகல் நேரத்துல தண்ணி நிக்கவும் நிக்காது.

இந்தப் பொடிகள்ல பெரும்பாலும் பேசில்லஸ்ங்கிற பாக்டீரியா இனம், உறங்குற வித்தா இருக்கும். ஈரம் பட்டு முளைக்கணும். அப்புறம் லைப்பேஸ்ங்கிற நொதியை வெளியே விட்டு, கொழுப்பை கிளிசரால், கொழுப்பு அமிலம்னு உடைக்கணும். அதுக்கப்புறம்தான் தின்ன முடியும். காலைல போட்டா நாள் முழுக்கக் கழுவுற தண்ணி அடிச்சுட்டுப் போயிடும். மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்கிறதை ராத்திரி பிளீச் கொன்னுடும். கடைசிப் பாத்திரம் கழுவி, தண்ணி ஆறினப்புறம் வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு ஊத்துங்க. காலை வரைக்கும் அதுக்கு நேரம் கிடைக்கும்.

ஒரு நீளக் கம்பை அடி வரைக்கும் விட்டு எடுத்து, என்ன தெரியுதுன்னு சொல்லுங்க.

உட்லண்ட்ஸ்_கிச்சன்:
ரொம்ப நன்றிண்ணே, ரெண்டையும் உடனே நிறுத்தியாச்சு. கம்பு விட்டுப் பாத்தோம். மேல நாலு விரல் கனத்துக்கு வெள்ளையா, உறைஞ்ச நெய் மாதிரி. அடியில மெத்துன்னு போய் நிக்குது. வெளிய எடுத்தா கம்போட நுனியில சோத்துப் பருக்கை, உளுந்து, வாழையிலை நரம்பு, எல்லாம் கன்னங்கரேல்னு. பிளீச் இல்லாம தரையை எப்படிக் கழுவுறது? உணவுச் சுத்தம் முக்கியமாச்சே.

பழைய_ஆபரேட்டர்:
அந்தக் கறுப்பு சல்ஃபைடு. உங்க நாத்தம் மேல இருக்கிற கொழுப்புல இருந்து வரல தம்பி, அடியில கிடக்கிற சோத்துல இருந்து வருது. மேல கொழுப்பு மூடி போட்ட மாதிரி கிடக்குது, கீழ காத்தே இல்லாம மாவுச்சத்து அழுகுது. எத்தனை பாக்கெட் போட்டாலும் அது கரையாது. மேலயும் கீழயும் சேர்த்து உயரத்துல கால் பங்கு ஆனா அள்ளணும்னு பல நாடுகள்ல ஒரு கணக்கு வச்சிருக்காங்க. உங்களுது அதைத் தாண்டியிருக்கும்னு தோணுது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தோட உரிமம் உள்ள லாரிக்காரங்களைக் கூப்பிட்டு அடி வரைக்கும் உறிஞ்சச் சொல்லுங்க.

தரைக்குச் சுடுதண்ணியும் சோப்பும் போதும். கிருமிநாசினி வேண்டிய இடம் வெட்டுப் பலகையும் மேசையும்தான். அங்க துணியில தொட்டுத் துடைச்சா குழிக்குப் போறது ரொம்பக் குறைஞ்சிடும்.

கோப்பிக்கடை_மகள்:
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். பாக்டீரியா போட்டா லாரியே வேண்டாம்னு எங்ககிட்ட ஒருத்தர் விக்க வந்தார். உண்மையா சார்?

பழைய_ஆபரேட்டர்:
இல்லம்மா. தின்னு முடிக்காம வெறுமனே இளக்கிவிட்டா, கொழுப்பு ட்ராப்பைத் தாண்டிப் போய் குளிர்ந்த குழாய்ல மறுபடி உறையும். கொழுப்பு அமிலம் கால்சியத்தோட சேர்ந்தா சோப்பு மாதிரி இறுகிடும், அதைச் சுரண்டுறதே பெரும்பாடு. ட்ராப்புல இருந்து வெளியேறுற தண்ணியைக் கண்ணாடி ஜாடியில பிடிச்சு ஐஸ் தண்ணியில நிறுத்திப் பாருங்க. மேல வெள்ளையா ஆடை கட்டினா கொழுப்பு தப்பிப் போகுதுன்னு அர்த்தம். தொழில் கழிவுநீர்ல இந்த மாதிரி சமையல் எண்ணெய், கொழுப்புக்கு, இங்க கழிவுநீரைப் பாத்துக்கிற பொதுப் பயனீட்டுக் கழகம் வச்சிருக்கிற வரம்பு லிட்டருக்கு 100 மில்லிகிராம்.

ஈசூன்_தோட்டம்:
பிளீச் விஷயம் எனக்கும் புதுசு. இனிமே குளியலறைப் பக்கமே என்சைமைக் கொண்டு போக மாட்டேன். தம்பி, அம்மா போட்டதை வீணாக்காதீங்க. நிறைய தண்ணி கலந்து செடிக்கு ஊத்தலாம்.

உட்லண்ட்ஸ்_கிச்சன்:
லாரி வந்து அடி வரைக்கும் எடுத்துட்டாங்க. இப்ப ராத்திரி மட்டும் பொடி, சிங்க் வாயில வலைக்கூடை. நாத்தம் நல்லா அடங்கியிருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே: பிரியாணி நாள்ல பொடியை ரெண்டு மடங்கா போடவா?

பழைய_ஆபரேட்டர்:
வேண்டாம். நெய்ச் சட்டியைக் கழுவுறதுக்கு முன்னாடி காகிதத்தால நல்லா வழிச்சுக் குப்பையில போடுங்க. மாவு அண்டாவையும் அப்படியே வழிச்சிடுங்க. கொதிக்கிற தண்ணியை நேரா ஊத்தாதீங்க. கட்டியான கொழுப்பு உருகி ட்ராப்பைத் தாண்டி ஓடிடும். வெளியேறுற தண்ணி 45 டிகிரிக்கு மேல இருக்கவும் கூடாது. வாரம் ஒரு தடவை அந்தக் கம்பை விட்டுப் பாத்து, மேல எவ்வளவு, அடியில எவ்வளவுன்னு சுவத்துல எழுதி வைங்க. அடுத்த லாரி எப்பன்னு அதுலயே தெரிஞ்சிடும்.