மூன்று தொலைநோக்கி, ஒரே சூரியப்புள்ளி: எண்ணை எப்படிக் கொடுப்பது?

கேள்வி:
ஹினோடே, ஐரிஸ் என்ற இரண்டு விண்வெளித் தொலைநோக்கிகள், ஒரு தரைத் தொலைநோக்கி மூன்றும் சேர்ந்து ஒரே சூரியப்புள்ளியைப் பார்த்த தரவு கையில் இருக்கிறது. ஐரிஸ் தரவில் அப்ஸ்ஐடி (OBSID) என்ற பத்து இலக்க அவதானிப்பு எண் இருக்கிறதே, அதையே மொத்தத்துக்கும் அடையாளமாக வைத்துவிடலாமா?

பதில் 1:
வேண்டாம், நானும் அப்படி வைத்து மாட்டிக்கொண்டேன். அந்த எண் கருவியின் அமைப்பைத்தான் சொல்லும், எத்தனை நொடி ஒளிபடவிட்டோம், ஒளி நுழையும் ஸ்லிட் (குறுகிய பிளவு) எப்படி நகர்ந்தது என்று, அதனால் அதே எண் வேறொரு நாளிலும் அப்படியே வரும். தொடக்க நேரத்தையும் சேர்த்தால்தான் ஒரு பதிவு தனியாக நிற்கும். கூட்டு அவதானிப்புக்கு ஹாப் (HOP) எண்ணைப் பாருங்கள், ஹினோடேயில் ஒவ்வொரு அவதானிப்புத் திட்ட முன்மொழிவுக்கும் கொடுப்பது. முந்தைய சூரிய விண்கலமான சோஹோ காலத்தில் ஜாப் (JOP) எண் என்று இருந்தது, அதே வேலைதான்.

பதில் 2:
ஹாப்பும் முழுத் தீர்வு இல்லை. ஒரே ஹாப்பைப் பல நாள் ஓட்டுவார்கள், ஆகவே ஹாப் எண், தேதி, எத்தனையாவது ஓட்டம் என்ற வரிசை எண் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். தேதி யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரே அவதானிப்புக்கு இடத்துக்கு இடம் வேறு தேதி வந்துவிடும். ஃபிட்ஸ் (FITS) என்ற வானியல் கோப்பு வடிவத்தின் தலைப்புப் பகுதியில் புதுக் குறிச்சொல் சேர்ப்பதாக இருந்தால் எட்டு எழுத்துதான் வரம்பு, நீளமாக யோசிக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, புரிகிறது. தரைத் தொலைநோக்கிக் கோப்புகளில் ஹாப் எண்ணே இல்லையே?

பதில் 1:
கையால்தான் சேர்க்க வேண்டும். மூலக் கோப்பைத் தொடாதீர்கள், தனி அட்டவணையில் கோப்புப் பெயருக்கு எதிரே எழுதுங்கள். மேகம் மறைத்து வீணான ஓட்டத்துக்கும் எண் கொடுங்கள், இல்லையென்றால் அப்புறம் வரிசையில் ஓட்டை ஏன் என்று யாராவது தேடுவார்கள்.