‘ரிச்’, ‘லீன்’ ஆகியவற்றுக்கு வளிக்குறை, வளிமிகை

குழுவினருக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரிலும் தேங்காய்த்திட்டிலும் படகின் பின்புறம் மாட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இஞ்சின்களைப் பழுது பார்ப்பவர்களுக்கான கையேட்டில், இஞ்சினுக்குள் போகும் காற்றுக்குப் பெட்ரோல் மிகுவதையும் குறைவதையும் குறிக்கும் ‘ரிச்’, ‘லீன்’ என்பவற்றுக்குச் ‘செறிகலவை’, ‘மென்கலவை’ என்னும் சொற்கள் குழுவில் பரிந்துரைக்கப்பட்டிருந்தன. கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆயினும் எனக்கு உடன்பாடில்லை.

இவ்வகை இஞ்சின்கள் பலவற்றில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்தே ஊற்றுகிறோம். 50 பங்குக்கு 1 பங்கு என்பது பரவலான அளவு. ஆகவே ‘கலவை’ என்றதும் படகுக்காரரின் நினைவுக்கு வருவது அந்தக் கேன்தான். ‘செறிகலவை’ என்று படித்துவிட்டு, ஆயில் கூடிப்போனதாக எண்ணி அவர் அதைக் குறைத்தால், உயவின்றிப் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரில் நடப்பது வேறு. 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று அதற்குக் குறைந்தால் ‘ரிச்’, மிகுந்தால் ‘லீன்’. எனவே வளிக்குறை, வளிமிகை என்பதே என் முன்மொழிவு. பொறியியலிலும், உள்ளே வரும் காற்றை வேண்டிய காற்றால் வகுத்து, லாம்டா என்று காற்றின் பக்கமிருந்தே அளக்கிறார்கள்.

கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை தேய்ந்து அகன்றாலோ, பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவையின் ஊசி சரியாக அடைக்காமல் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறினாலோ, கூடுவது பெட்ரோல்தானே, அதை ஏன் காற்றின் பெயரால் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். உள்ளே வரும் பெட்ரோலுக்குக் காற்று போதவில்லை என்பதே அப்போதும் நிலைமை. பிளக்கில் கரி படிவதும், இஞ்சின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிப்பதும் அதனால்தான்.

இச்சொற்கள் சோதனைக்கும் உதவும். சோக் காற்றை மறிக்கும் தகடு. சூடேறிய இஞ்சின் திணறும்போது அதைச் சற்றே இழுத்துப் பார்த்து, ஓட்டம் சீரானால் வளிமிகை என்றும், இன்னும் திணறினால் வளிக்குறை என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். நாள்பட்ட பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைத்திருப்பதும், கார்பரேட்டரின் கேஸ்கெட் வழியே காற்று புகுவதும் வளிமிகைக்கு வழக்கமான காரணங்கள். ஜெட் அடைபட்டால் பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறையுமாதலால், எரிபொருள் மிச்சமாகிறது என்று மகிழ்ந்து அப்படியே ஓட்டக் கூடாது என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

கார்பரேட்டர், ஜெட், சோக் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம். உதிரிபாகக் கடையில் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. டீசல் இஞ்சினில் கார்பரேட்டரே இல்லாததால், டீசலில் ஓடும் லாங் டெயில் (நீண்ட தண்டின் முனையில் சுழலி உள்ள) படகுகளுக்கான பகுதியில் இந்தச் சோதனையைச் சேர்க்க வேண்டாம்.