மின்நூலகத்துக்கு எந்தக் கோப்பு வடிவம்? ஈபப், பிடிஎஃப், மோபி... சீக்கிரம் சொல்லுங்க

புதுப்படிப்பகம்:
வணக்கம். பெரம்பூர்ல எங்க படிப்பகத்துக்கு ஆன்லைன் நூலகம் ரெடி பண்றோம். புத்தகமெல்லாம் கையில இருக்கு. டவுன்லோடு பட்டன் எத்தனை வைக்கிறதுன்னுதான் முடிவாகல. பிடிஎஃப் மட்டும் போதும்னு ஒருத்தர், திரை அளவுக்கு ஏத்தமாதிரி வரி மடங்குற ஈபப் இல்லாம நூலகமான்னு இன்னொருத்தர், அமேசானோட கிண்டில் கருவில படிக்கிறவங்களுக்கு அதோட பழைய வடிவமான மோபி வேணும்னு மூணாவது ஆள். காலிபர்ங்கிற மின்நூல் மாற்றிச் செயலில போட்டு மாத்தினா எழுத்தெல்லாம் உடைஞ்சு வருது. அடுத்த ஞாயிறு திறப்பு. எது சரி?

எழுத்துருக்காரி:
எப்படி உடையுது சார்? கட்டம் கட்டமா வருதா, கொம்பு மட்டும் தனியா புள்ளி வட்டத்தோட நிக்குதா, இல்ல ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வருதா? மூணுக்கும் காரணம் வேற வேற. எந்தக் கோப்பிலேர்ந்து மாத்தினீங்கன்னும் சொல்லலையே.

கொளத்தூர்காரன்:
இன்னும் சில விவரம் வேணும். எத்தனை புத்தகம்? டைப் அடிச்சதா, ஸ்கேனா? சர்வர் சொந்தமா, ஷேர்டு ஹோஸ்டிங்கா (பலரோட பகிர்ந்துக்கிற வாடகை சர்வர்), இடம் எவ்வளவு? படிக்கப் போறவங்க மொபைல்லயா, கணினியிலயா? இது தெரியாம வடிவம் சொல்ல முடியாது.

நிழற்படி:
ஸ்கேனா இருந்தா டேஜாவு வடிவத்துல வைங்க. எழுத்தை ஒரு அடுக்கு, பின்னணித் தாளை இன்னொரு அடுக்குன்னு பிரிச்சு சுருக்கும். பழுப்பேறின தாளைக் கலர்ல ஸ்கேன் பண்ணினாலும் கோப்பு சின்னதா இருக்கும். ஸ்கேன் புத்தகத்துக்குன்னே செஞ்ச வடிவம் அது.

மூலபாடம் (மூத்த உறுப்பினர்):
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்து பதிலும் சொல்லப்பட்டாயிற்று. தேடிப் பார்த்துவிட்டு எழுதுவது நல்ல பழக்கம். தம்பி, வடிவத்தைப் பற்றிக் கேட்கும் முன் உங்கள் மூலப்பிரதி ஒருங்குறியில் (யூனிகோடு, ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் உலகப் பொதுக் குறியீடு) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ஈபப் என்றாலும் ஒன்றுதான், மோபி என்றாலும் ஒன்றுதான். என்னைக் கேட்டால் எச்டிஎம்எல், அதாவது சாதாரண இணையப் பக்கம் மட்டும் போதும். எந்த உலாவியிலும் திறக்கும், தேடுபொறிக்கும் கிடைக்கும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது. அந்தப் பக்கங்களை இன்றும் எந்தச் செயலியும் இல்லாமல் படிக்கலாம்.

வியாசர்பாடி வாசகி:
உரிமை விஷயம் முதல்ல. ஆசிரியர் மறைஞ்ச வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலேர்ந்து 60 வருஷம் ஆகியிருக்கணும், இல்ல அரசு நாட்டுடைமை ஆக்கின நூலா இருக்கணும், இல்ல எழுத்துல அனுமதி வேணும். ஒவ்வொரு நூலுக்கும் இதுல எதுன்னு பட்டியல்ல ஒரு பத்தி போட்டு வைங்க.

புதுப்படிப்பகம்:
உரிமை எல்லாம் பார்த்தாச்சு மேடம், நாட்டுடைமை நூல்தான் அதிகம். மொத்தம் 300 சொச்சம். பாதி வேர்டு ஃபைல், பாமினில அடிச்சது. கொஞ்சம் பிரஸ்லேர்ந்து வந்த பிடிஎஃப். மீதி ஸ்கேன், பழைய பதிப்பு. வேர்டுல மாத்தினா ஆங்கில எழுத்தா வருது. பிடிஎஃப்ல மாத்தினா கொம்பு வட்டத்தோட நிக்குது. ஷேர்டு ஹோஸ்டிங், 10 ஜிபி. எல்லாரும் மொபைல்தான், நாலஞ்சு பேர்கிட்ட கிண்டில்.

எழுத்துருக்காரி:
இப்போ புரியுது. காலிபர் மேல தப்பே இல்ல.

முதல்ல வேர்டு. பாமினி தமிழ்க் குறியீடு கிடையாது. ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ் உருவத்தைப் போர்த்தின எழுத்துரு. ‘தமிழ்’னு திரையில தெரியுற இடத்துல கோப்புக்குள்ள இருக்கிறது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஈபப் ஆக்கும்போது எழுத்துரு போயிடுது, அடியில இருக்கிறது வெளிய தெரியுது. பாமினி எழுத்துருவை உள்ள பொதிச்சா சரியாகிடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பார்க்கத் தமிழா இருக்கும், ஆனா தேட முடியாது, பார்வையற்றவங்களுக்குத் திரையை வாசிச்சுக் காட்டுற டாக்பேக் அதைக் குப்பையா வாசிக்கும், வாசகர் எழுத்துருவை மாத்தினதும் மறுபடி ஆங்கிலம்.

அதனால ஒருங்குறிக்கு மாத்தித்தான் ஆகணும். அதுல கவனிக்க வேண்டியது:

மாற்றியில முழுப் பக்கத்தையும் வெட்டி ஒட்டாதீங்க. நடுவுல உண்மையான ஆங்கிலச் சொல், இணைய முகவரி இருந்தா அதுவும் தமிழ்க் குப்பையாகும். டாக்எக்ஸ் (வேர்டு) கோப்புல ஒவ்வொரு துண்டுக்கும் என்ன எழுத்துருன்னு பதிஞ்சிருக்கும். பாமினித் துண்டை மட்டும் மாத்துற மேக்ரோ (வேர்டுக்குள்ள ஓடுற குட்டி நிரல்) வேணும். தலைப்புக்கு டிடிபி செஞ்சவங்க வேற எழுத்துரு போட்டிருப்பாங்க, அதோட குறியீடே வேறயா இருக்கலாம்.

சொந்தமா அட்டவணை எழுதினா நீளமான சேர்க்கையை முதல்ல மாத்துங்க. ‘கொ’ன்னா கொம்பு, க, கால்னு மூணு சாவி. ‘கெ’யை முதல்ல மாத்திட்டா கால் தனியா மாட்டிக்கும்.

இன்னொண்ணு பலரும் கவனிக்காதது. வேர்டு வாக்கியத்தோட முதல் எழுத்தைத் தானாப் பெரிய எழுத்தாக்கும். பாமினில சின்ன ‘என்’ ஒற்றைக்கொம்பு, பெரிய ‘என்’ இரட்டைக்கொம்பு. அதனால வாக்கியம் தொடங்குற இடத்துல ‘பெரிய’ங்கிறது ‘பேரிய’ன்னு ஆகியிருக்கும். எந்த மாற்றியும் இதைக் கண்டுபிடிக்காது. பத்தித் தொடக்கங்களை மட்டும் ஒருத்தர் கண்ணால ஓட்டிப் பார்க்கணும்.

அடுத்து பிடிஎஃப். அதுல எழுத்து எந்த வரிசையில வரையப்படுதோ அந்த வரிசையிலதான் இருக்கும். கொம்பு இடப்பக்கம் முதல்ல வரையப்படுது, அப்புறம்தான் க. ஒருங்குறில க முதல்ல, கொம்பு பின்னால. பிரிச்செடுக்கும்போது முன்னால வந்த கொம்புக்குத் தாங்க எழுத்து இல்லாம புள்ளி வட்டம் வருது. பிரஸ்ல பக்கம் வடிவமைச்ச இன்டிசைன் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்க. கிடைக்கலன்னா, பிடிஎஃப்லேர்ந்து எழுத்தை உருவாம, பக்கத்தை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) படமாக்கி, டெசராக்ட்ங்கிற செயலில தமிழ்த் தரவோட ஓசிஆர் (படத்துலேர்ந்து எழுத்தை அடையாளம் காணுறது) பண்ணுங்க. பிடிஎஃப்பைப் பிரிச்செடுத்துத் திருத்துறதை விட வேலை குறைவு, ஏன்னா அச்சு சுத்தமா இருக்கும்.

மூலபாடம்:
மாற்றியதோடு முடிந்துவிடாது. ‘கொ’வின் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் சாதாரணத் தேடலில் ஒன்று மற்றொன்றுக்கு அகப்படாது. எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒருங்குறி முறையில் இயல்பாக்குங்கள், அதாவது ஒரே குறியீட்டு வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்தது ‘ஔ’ குறி: ‘கௌ’ என்பதற்குப் பதில் ‘கெ’யும் ‘ள’வுமாக அடித்து வைத்திருப்பார்கள். இதை இயல்பாக்கல் திருத்தாது. கௌரவம், மௌனம், சௌகரியம் போன்ற சொற்களைப் பட்டியலிட்டு மாற்ற வேண்டும். கண்மூடித்தனமாக எல்லா ‘ெள’வையும் மாற்றினால் ‘வெளி’ கெட்டுப்போகும்.

கொளத்தூர்காரன்:
வடிவத்துக்கு வருவோம். டைப் அடிச்ச நூலுக்கு ஈபப் 3. ஸ்கேன் நூலுக்குப் பிடிஎஃப். அவ்வளவுதான், மோபி வேண்டாம்.

கிண்டில்காரங்களுக்கு ஈபப்பே போதும். 2022லேர்ந்து அமேசானோட கிண்டிலுக்கு அனுப்பும் சேவை (சென்ட் டு கிண்டில்) ஈபப்பை ஏத்துக்குது, மோபியை இப்போ அந்த வழியில அனுப்ப முடியாது. மின்னஞ்சல்ல 50 எம்பி, இணையப் பக்கம் வழியா 200 எம்பி வரைக்கும். யுஎஸ்பி கேபிள்ல ஈபப்பை நேரா ஏத்தினா திறக்காதுன்னு உதவிப் பக்கத்துல ஒரு வரி எழுதி வைங்க.

ஆனா ரெண்டு இடத்துல மாட்டும். ஈபப்புக்குள்ள இருக்கிற ஒவ்வொரு எக்ஸ்எச்டிஎம்எல் (இணையப் பக்க வகை உரை) கோப்போட முதல் வரியிலயும் யுடிஎஃப்-8னு (ஒருங்குறியைச் சேமிக்கிற முறை) அறிவிச்சிருக்கணும். இல்லன்னா அந்தச் சேவை மேற்கத்திய எழுத்துன்னு எடுத்துக்கிட்டு தமிழை முழுக்கச் சிதைச்சிடும். காலிபர்ல, மொபைல்ல அதே கோப்பு நல்லாத் தெரியும், அதனால நமக்குத் தெரியவே தெரியாது. ரெண்டாவது, மேல்விவரத்துல (தலைப்பு, ஆசிரியர் மாதிரி நூலைப் பத்தின தகவல்) மொழி ‘தமிழ்’னு இருக்கணும். காலியா விட்டா அனுப்பும்போதே திரும்பலாம்.

ஈபப்ங்கிறது ஒரு ஜிப் பெட்டிதான். ஆனா அதுல இது என்ன வகைக் கோப்புன்னு சொல்ற மைம்டைப் கோப்பு முதல்ல, சுருக்கப்படாம இருக்கணும். பிரிச்சுத் திருத்திட்டு சாதாரண ஜிப் செயலியில மூடினா இது கெட்டுடும், சிஜில்ங்கிற ஈபப் திருத்துற செயலில திருத்துங்க. ஒவ்வொண்ணையும் ஈபப்செக்ங்கிற சோதனைக் கருவில ஓட்டி, பிழை இல்லன்னாதான் ஏத்தணும். அத்தியாயத்தை ஒரே கோப்பா விடாம 250 கேபிக்குள்ள பிரிங்க, பழைய கருவிகள் திணறும்.

எழுத்துருக்காரி:
நடையும் முக்கியம். இருபக்கமும் சமன் செய்யாதீங்க, இடப்பக்கம் மட்டும் ஒட்டட்டும். மொபைல் வரியில நாலு தமிழ்ச் சொல்தான் அடங்கும், சமன் பண்ணினா நடுவுல ஓட்டை விழும். வரி உயரம் 1.5க்குக் குறையாம. எழுத்திடைவெளி சேர்க்கவே கூடாது. நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி திறந்த உரிம எழுத்துரு ஒண்ணைப் பொதிச்சா போதும்.

பழையகிண்டில்:
மோபி வேண்டாம்னு அவ்வளவு சுலபமாச் சொல்லாதீங்க. வைஃபையில் சேராத பழைய கருவி நிறைய வீட்டுல கிடக்கு. யுஎஸ்பி வழி மோபிதான் அதுல ஏறும்.

கொளத்தூர்காரன்:
ஏறும் சார், ஆனா தமிழ் சரியாத் தெரியணுமே. ரொம்பப் பழைய மாடல்ல எழுத்தைச் சேர்த்துக் கட்டுற திறனே இல்ல, கொம்பு வலப்பக்கம் நிக்கும். அதனாலதான் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்துல ஆறு அங்குல பிடிஎஃப்னு தனியாக் கொடுத்தாங்க. பக்கம் சுமார் 9 செ.மீ.க்கு 12 செ.மீ., எழுத்து உருவமாவே உறைஞ்சிருக்கும். யாராவது கேட்டா அதைச் செஞ்சு கொடுக்கலாம். மத்தவங்க ஈபப்பைக் காலிபர்ல ஏஇசட்டபிள்யூ3 (கிண்டிலோட இன்னொரு வடிவம்) ஆக்கிக்கட்டும். நீங்க 300 நூலுக்கும் மூணாவது வடிவம் வச்சா, ஒரு பிழை திருத்தும்போது மூணு இடத்துல திருத்தணும். ஒண்ணு விட்டுப்போகும்.

நிழற்படி:
டேஜாவு பத்தி யாருமே பேசலையே. 10 ஜிபி இடம்னா அதுதான் தீர்வு.

கொளத்தூர்காரன்:
ஸ்கேன் நூல்களைச் சேமிச்சு வைக்கிற இன்டர்நெட் ஆர்கைவ் தளமே 2016ல டேஜாவு செய்யறதை நிறுத்திடுச்சு. மொபைல் உலாவி எதுலயும் நேரா திறக்காது. கறுப்பு-வெள்ளை ஒரு பிட் படம், 300 டிபிஐ, ஜி4ங்கிற கறுப்பு-வெள்ளைப் படச் சுருக்கம்னா பக்கத்துக்கு 30லேர்ந்து 60 கேபி. 200 பக்க நூல் 12 எம்பிக்குள்ள அடங்கும். கலர் ஜேபெக்காப் போட்டா அதே நூல் 100 எம்பி தாண்டும். கலரை அட்டைக்கும் படப் பக்கத்துக்கும் மட்டும் வைங்க. ஜேபிக்2ங்கிற இன்னொரு முறையில சுருக்கினா இழப்பில்லாத முறை மட்டும். இழப்பு முறை ஒரே மாதிரி உருவங்களை ஒண்ணாக்கும், நம்ம ‘ர’வும் காலும் அதுல தப்பாது. சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் எண்களை மாத்திப் பதிச்சது 2013ல வெளிவந்ததே, அதே கோளாறுதான்.

வியாசர்பாடி வாசகி:
ஸ்கேனை அப்படியே படமா விட்டா பார்வையற்ற வாசகருக்கு அது வெறும் தாள். ஓசிஆர் அடுக்காவது போடுங்க. முடிஞ்சா டைப் அடிச்சு ஈபப் ஆக்குங்க.

நிழற்படி:
பழைய பதிப்புக்கு ஓசிஆர் சரிப்படாது மேடம். 1978 அக்டோபர் எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முன்னால அச்சானதுல ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் பழைய உருவம். டெசராக்ட் அந்த எழுத்தையெல்லாம் கோட்டை விடும். அந்த உருவத்தை மாத்தி டைப் அடிச்சா அது அந்தப் பதிப்பே இல்ல. மூலத்தை மூலமா விடணும்.

வியாசர்பாடி வாசகி:
ஒருங்குறில பழைய ‘லை’க்கும் புது ‘லை’க்கும் குறியீடு ஒண்ணேதான். உருவம் எழுத்துருவோட வேலை. டைப் அடிச்சா எதுவும் அழியல.

நிழற்படி:
பக்க எண்? சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துல மூலப் பதிப்பைத் தேடிப் போற ஆய்வாளர் எந்தப் பக்கம்னுதான் மேற்கோள் காட்டுவார். ஈபப்ல பக்கமே இல்ல.

மூலபாடம்:
இருக்கிறது. ஈபப் 3இன் வழிகாட்டுக் கோப்பில் ‘பக்கப் பட்டியல்’ என்று ஒரு பகுதி வைக்கலாம். அச்சுப்பிரதியில் பக்கம் மாறும் இடத்தில் உரைக்குள் ஓர் அடையாளம், பட்டியலில் அதற்கு ஓர் இணைப்பு. திரையில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் அச்சுப் பக்கம் 47 எங்கே என்று கண்டுபிடிக்கலாம். படித்துவிட்டு வாதம் செய்யலாம். இருப்பினும் ஸ்கேனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. டைப் பிரதியில் ஐயம் வரும்போது பார்க்க அது வேண்டும்.

கொளத்தூர்காரன்:
சர்வர் பக்கம் ரெண்டு விஷயம், அது இல்லாம திறப்பு அன்னிக்கே புகார் வரும். ஹோஸ்டிங்ல ஈபப்புக்கான மைம் வகை (உலாவிக்குக் கோப்பு வகையைச் சொல்ற குறிப்பு) இல்லன்னா ஆண்ட்ராய்டுல ஜிப் கோப்பா இறங்கலாம், வாசிப்புச் செயலி திறக்காது. எச்டிஅக்சஸ்ங்கிற சர்வர் அமைப்புக் கோப்புல ‘ஆட்டைப்’ கட்டளையோட ஈபப்புக்கான வகையை ஒரு வரி சேருங்க. அடுத்தது கோப்புப் பெயர். தமிழ்லயே வச்சிடாதீங்க: லினக்ஸ்ல ஒரு பெயருக்கு 255 பைட்டுதான், தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் 3 பைட்டு, ஆக 85 குறியீட்டோட முடிஞ்சது. ‘கொ’ன்னாலே ரெண்டு குறியீடு. நூல் எண்ணைப் பெயரா வைங்க, தமிழ்த் தலைப்பு வலைப்பக்கத்துலயும் மேல்விவரத்துலயும் இருக்கட்டும்.

புதுப்படிப்பகம்:
நன்றி எல்லாருக்கும். மைம் வரி போட்டோம், இப்போ ஈபப்பாவே இறங்குது. ஈபப், பிடிஎஃப் ரெண்டு பட்டன்தான்னு முடிவு, மோபி இல்ல. ஞாயித்துக்கிழமைக்கு ஸ்கேன் நூல் மட்டும் ஏத்துறோம், வேர்டு ஃபைல் சரிபார்த்த பிறகு ஒவ்வொண்ணா வரும். பிரஸ்ல இன்டிசைன் கேட்டிருக்கோம்.

எழுத்துருக்காரி:
இன்டிசைன் கோப்பு வந்ததும் அதுல என்ன எழுத்துருன்னு முதல்ல பாருங்க சார். அங்கயும் பாமினியாவோ, வானவில்ங்கிற இன்னொரு பழைய எழுத்துருவாவோ இருக்கலாம். அப்படின்னா நேரா ஈபப்பா ஏற்றுமதி செய்யாதீங்க, எழுத்தை ஆர்டிஎஃப்பா (வேர்டுல திறக்கிற உரைக் கோப்பு) வெளிய எடுத்து வேர்டு ஃபைல் மாதிரியே மாத்தணும். வானவில்லுக்குப் பாமினி அட்டவணை பொருந்தாது.