மெடிக்கல் எய்டுக்கு பணம் கட்டுறது அப்பா, 22 வயசு மகளோட க்ளெய்ம் விவரம் அவருக்குத் தெரியக்கூடாதா?

சாட்ஸ்வொர்த்_அப்பா
எல்லாருக்கும் வணக்கம். நாங்க தென் ஆப்பிரிக்கா, டர்பன் பக்கம். எங்க வீட்டு மெடிக்கல் எய்டுல (ஹெல்த் இன்ஷூரன்ஸ் மாதிரி) நான்தான் மெயின் மெம்பர், மனைவியும் ரெண்டு புள்ளைங்களும் டிபெண்டன்ட். மகளுக்கு 22, யூனிவர்சிட்டில படிக்குது. 21 தாண்டினதும் அடல்ட் ரேட் போட்டுட்டாங்க, அதையும் நான்தான் கட்டுறேன். போன வாரம் ஆப்ல பாத்தா அவ பேர்ல சைக்காலஜிஸ்ட் க்ளெய்ம் வரிசையா நிக்குது, எல்லாம் சேவிங்ஸ்ல இருந்து, அதான் அன்றாட வைத்தியச் செலவுக்குன்னு மெடிக்கல் எய்டுல ஒதுக்கி வச்சிருக்கிற எங்க பணத்துல இருந்து போயிருக்கு. என்னம்மா இதுன்னு கேட்டா "அது என் பிரைவசிப்பா"ன்னுட்டு போயிட்டா. ஸ்கீமுக்கு போன் போட்டா அங்க இருக்கிற பொண்ணும் அதையே சொல்லுது, 18க்கு மேல சார், அவங்க ஒத்துக்கிட்டாதான் சொல்ல முடியும்னு. பணம் என்னுது, ஆப் என்னுது, கேள்வி மட்டும் கேக்கக்கூடாதாம். இது எந்த ஊர் நியாயம்?

டொங்காட்_தேவி
இந்த ஊர் நியாயம்தான் அங்கிள் 🙂 2003 நேஷனல் ஹெல்த் ஆக்ட் 14-வது செக்‌ஷன் பாருங்க, நோயாளியோட உடல்நிலை, சிகிச்சை, ஆஸ்பத்திரில இருந்தது எல்லாமே ரகசியம், அவங்க எழுத்துல சம்மதிக்கணும், இல்ல கோர்ட்டோ சட்டமோ சொல்லணும், அந்த மாதிரி சில காரணம் இருந்தாதான் வெளிய சொல்லலாம். பணம் கட்டினவருக்கு சொல்லலாம்னு அதுல எங்கயும் இல்ல. 2005 சில்ட்ரன்ஸ் ஆக்ட் படி 12 வயசு புள்ளையே விவரம் புரியிற பக்குவம் இருந்தா தன் சிகிச்சைக்கு தானே சம்மதம் குடுக்கலாம். உங்க மக 22.

பழைய_பள்ளிக்கூடம்
தேவிம்மா, சட்டம் படிச்சிருக்க, சந்தோஷம். நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நடுராத்திரில ஆஸ்பத்திரிக்கு ஓடுறது 14-வது செக்‌ஷனா, அப்பாவா? நான் முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவன், புள்ளைங்க வாயத் திறக்காம உள்ளுக்குள்ளயே வச்சு என்னென்ன ஆயிருக்குன்னு பாத்திருக்கேன். அப்பாவுக்கு தெரியாம இருக்கிறதுதான் ஆபத்து. அவ்வளவு பிரைவசி வேணும்னா தனியா ஒரு பிளான் எடுத்துக்கட்டும், அப்புறம் யாரும் கேக்கப்போறதில்ல.

டொங்காட்_தேவி
சார், வாயத் திறக்காத புள்ளை இல்லையே அவங்க. திறக்கத் தெரிஞ்ச ஆளுகிட்டத்தான் போயிருக்காங்க. அப்பா பாத்துட்டாருன்னு தெரிஞ்சா அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு போவாங்களா, அதை யோசிங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தி இதே பயத்துல பாதியில நிறுத்திட்டா.

தனி பிளான்னு சொல்றது வாய்க்கு சுலபம். ஸ்டூடன்ட் எங்க போவா அந்தப் பணத்துக்கு? சரி வெளிய வந்துட்டா, 90 நாளுக்கு மேல கவர் இல்லாம இருந்துட்டு திரும்ப சேந்தா 3 மாசம் ஜெனரல் வெயிட்டிங் (க்ளெய்ம் பண்ண முடியாத காத்திருப்பு), ஏற்கனவே இருக்கிற பிரச்சனைக்கு 12 மாசம் வரைக்கும் போடலாம்.

பில்லிங்_அக்கா
நான் டர்பன்ல ஓவர்போர்ட் ஏரியா பக்கம் ஒரு டாக்டர் ப்ராக்டிஸ்ல க்ளெய்ம் அனுப்புற ஆளு. ரெண்டு பக்கமும் சட்டம் பேசுறீங்க, விஷயம் கசியிற இடத்தை யாருமே சொல்லல. டாக்டர் வாயிலேருந்து கசியிறதில்ல, பில்லுலேருந்துதான் கசியிது.

நான் அனுப்புற ஒவ்வொரு க்ளெய்ம்லயும் நோயாளி பேர், தேதி, ப்ராக்டிஸ் நம்பர், என்ன நோய்ன்னு சொல்ற ஐசிடி-10 கோடு எல்லாம் இருக்கணும், கோடு இல்லன்னா திருப்பி அடிச்சிடுவாங்க. எஃப்32ன்னா டிப்ரஷன், இசட்30ன்னா கர்ப்பத்தடை, கூகுள்ல போட்டா ரெண்டு செகண்ட். மருந்துக்கு நாப்பி கோடு, அதோட மருந்து பேரும் சேந்தே வரும். இதெல்லாம் போய் நிக்கிறது மெயின் மெம்பரோட ஸ்டேட்மென்ட்ல. போன்ல அந்தப் பொண்ணு வாயை மூடிக்கிட்டு இருக்கு, அதே ஸ்கீமோட ஆப்பு எல்லாத்தையும் சொல்லிடுது. கூத்து இதுதான்.

கோடு காட்ட வேண்டாம்னா அதுக்கும் ஒரு கோடு உண்டு, யு98.0, அதாவது நோயாளி விவரம் சொல்ல மறுக்கிறார்னு அர்த்தம். அதைப் போட்டா இது பிஎம்பியா, அதாவது ஸ்கீம் கட்டாயம் குடுத்தே ஆகவேண்டிய சிகிச்சை லிஸ்ட்ல வருதா இல்லையான்னு ஸ்கீமுக்கு தெரியாது, அப்ப பணம் வராமலே போகலாம். அதனால நம்ம கவுன்டர்ல வர்ற பொண்ணுங்க நிறைய பேரு குரலைத் தாழ்த்தி "அக்கா இத கேஷா எடுத்துக்கோங்க"ன்னுதான் சொல்றாங்க, மாசாமாசம் மெடிக்கல் எய்டு கட்டிட்டு இதையும் கையிலேருந்து.

சாட்ஸ்வொர்த்_அப்பா
அக்கா நீங்க சொல்றது புரியுது. ஆனா என் கேள்வி சேவிங்ஸ் பத்தி. அது நாலு பேருக்கும் பொது. ஆகஸ்ட்லயே காலியாயிட்டா என் பிபி செக்கப், பையன் கண்ணாடி எல்லாம் கைக்காசுதான். எதுக்கு போகுதுன்னு கேக்குறது வேவு பாக்குறதா?

பில்லிங்_அக்கா
எவ்வளவு போச்சுன்னு கேக்குறது உங்க உரிமை. எதுக்கு போச்சுங்கிறது அவ விஷயம். நான் ரெண்டையும் பிரிச்சுத்தான் பாப்பேன்.

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க, உங்களுக்கு இது லாபம். டிப்ரஷன் மாதிரி பெரிய மனநிலை கோளாறுன்னு டயக்னோஸ் ஆனா அது பிஎம்பி, வருஷத்துக்கு 15 தெரப்பி செஷன் வரைக்கும் ஸ்கீம்தான் குடுக்கணும், பிஎம்பி செலவை சேவிங்ஸ்ல கை வச்சு எடுக்கக்கூடாதுன்னு ரெகுலேஷனே இருக்கு. உங்க மகளுக்கு என்ன கோடுன்னு எனக்கு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல. ஆனா சேவிங்ஸ்ல இருந்து போயிருக்குன்னா ஒண்ணு அது பிஎம்பி இல்ல, இல்ல பிஎம்பின்னு கேக்குற ஃபார்மை யாரும் அனுப்பல. ரெண்டாவதா இருந்தா பணத்தை திருப்பிப் போடச் சொல்லலாம்.

பழைய_பள்ளிக்கூடம்
அப்ப பணம் மிச்சமாகணும்னா சரியான கோடு போகணும், கோடு போனா அப்பாவுக்கு தெரிஞ்சிடும். நல்ல ஏற்பாடு!

பில்லிங்_அக்கா
அதான் சார் நானும் சொல்றேன். பிரைவசி வேணுங்கிறவ காசை இழக்கிறா.

வெருலம்_ஆண்டி
பிரைவசின்னா அப்பாகிட்ட மட்டும்னு பேசிக்கிட்டு இருக்கீங்க. எனக்கு அப்பாவைப் பத்தி பயமே இல்ல, அப்பா தங்கச்சியைப் பத்திதான் பயம் 😂 இவரு கவலையில தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவாரு, அவ வெள்ளிக்கிழமை கோயில்ல சொல்லுவா, காவடித் திருவிழாவுக்கு முன்னாடி பக்கத்து ஊர் ஃபீனிக்ஸ் வரைக்கும் போயிடும், அப்புறம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து "பொண்ணுக்கு ஏதோ மனசு சரியில்லையாமே"ம்பாங்க. காசே வேணாம்னு கவர்மென்ட் கிளினிக் போனா அங்க மாத்திரை, எச்ஐவி டெஸ்ட் எல்லாம் ஃப்ரீதான், ஆனா காலைல லைன்ல முன்னாடி நிக்கிறது நம்ம தெரு ஆளு. எங்க போய் ஒளியிறது?

சட்டப்பையன்
ஆண்டி சொன்ன மாதிரி ஒரு கேஸே இருக்கு. பிரக்பான்ல ஒரு டாக்டர் கோல்ஃப் ஆடும்போது தன் நோயாளிக்கு எச்ஐவின்னு கூட ஆடின டாக்டருங்ககிட்ட சொல்லிட்டாரு. 1993-ல அப்பீல் கோர்ட் அது தப்புன்னு சொல்லி நஷ்டஈடு குடுக்க வச்சாங்க. கேட்டவங்களும் டாக்டருங்கதான், அப்பவும் தப்புதான்.

அப்புறம் போப்பியான்னு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1லேருந்து முழுசா அமலுக்கு வந்தாச்சு, உடல்நிலை தகவலை அது ஸ்பெஷல் கேட்டகிரில வச்சிருக்கு. அடல்ட் டிபெண்டன்ட் தன் நம்பர், தன் ஈமெயில் குடுத்து "என் க்ளெய்ம் விவரம் எனக்கு மட்டும் அனுப்பு"ன்னு ஸ்கீமுக்கு எழுதிக் கேக்கலாம். மறுத்தா அந்தச் சட்டத்தைக் கவனிக்கிற இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டர்கிட்ட புகார் போலாம்.

பழைய_பள்ளிக்கூடம்
அந்த டாக்டர் சம்பந்தமில்லாத ஆளுகிட்ட சொன்னாரு தம்பி. பெத்தவன் சம்பந்தமில்லாத ஆளா? அமெரிக்காவுலயே 26 வயசு வரைக்கும் அப்பா இன்ஷூரன்ஸ்ல இருக்கலாமாம், அங்கயும் பில் விவரம் அப்பாவுக்குத்தான் போகுதுன்னு என் அண்ணன் மகன் சொல்றான்.

டொங்காட்_தேவி
போகுது சார், அதனாலதான் அங்கயும் இதே சண்டை. கலிஃபோர்னியால 2022-லேருந்து அந்த மாதிரி சென்சிடிவ் விவரத்தை நோயாளி அட்ரஸுக்கே அனுப்பணும்னு சட்டமே போட்டுட்டாங்க.

சாட்ஸ்வொர்த்_அப்பா
சரி, நிறைய தெரிஞ்சுக்கிட்டேன். என் தங்கச்சிக்கு இதுவரைக்கும் சொல்லல ஆண்டி, சொல்லவும் மாட்டேன். ஆனா மக எதுக்கு போறான்னு தெரியாம எனக்கு தூக்கம் வரல, அதை எந்த செக்‌ஷனும் சரி பண்ணாது. பில்லிங் அக்கா, அந்த 15 செஷன் ஃபார்ம் நான் அனுப்பணுமா, அவளா?

பில்லிங்_அக்கா
அவ சைக்காலஜிஸ்ட் ப்ராக்டிஸ்லேருந்தே அனுப்பலாம், உங்க கை படவேண்டியதில்ல. "இப்படி ஒண்ணு இருக்காம், உன் டாக்டர்கிட்ட கேட்டுப் பாரு"ன்னு மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் கேக்காதீங்க. ஸ்கீம் லிஸ்ட்ல இருக்கிற ஆளுதானான்னும் அவ பாக்கட்டும், இல்லன்னா கொஞ்சம் கைக்காசு வரலாம். அடல்ட் ரேட்டுக்கு, படிக்கிறான்னு யூனிவர்சிட்டி லெட்டர் குடுத்தா சில ஸ்கீம் சைல்ட் ரேட்டே போடும், அதை நீங்க கேளுங்க.

சாட்ஸ்வொர்த்_அப்பா
லெட்டர் மேட்டர் யாருமே சொல்லலியே இத்தனை நாளா! திங்கக்கிழமை போன் போடுறேன்.