சூரிய மின் அமைப்பில் ‘கொள்ளளவு’ எதற்கு உரிய சொல்?

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு அமைப்பது பற்றித் தமிழில் வரும் கையேடுகளிலும் விலைப்பட்டியல்களிலும் ‘3 கிலோவாட் கொள்ளளவுள்ள தகடுகள்’, ‘5 கிலோவாட் கொள்ளளவுள்ள இன்வெர்ட்டர்’, ‘150 ஆம்பியர்மணி கொள்ளளவுள்ள பேட்டரி’ என்று மூன்று உறுப்புகளுக்கும் ஒரே சொல்லை ஆள்கிறார்கள். இவற்றுள் மின்னாற்றலைக் கொள்வது பேட்டரி ஒன்றுதான். தகடு விளைவிக்கிறது, இன்வெர்ட்டர் சுமையைத் தாங்குகிறது. ஆகவே கொள்ளளவு என்பதைப் பேட்டரிக்கே உரியதாக்கி, தகட்டுக்கு ‘விளைதிறன்’ என்றும் இன்வெர்ட்டருக்குத் ‘தாங்குதிறன்’ என்றும் வழங்க வேண்டும் என்பது என் முன்மொழிவு.

கிலோவாட் என்பது எவ்வளவு வேகமாக மின்னாற்றல் பாய்கிறது என்பதன் அளவு. நாம் கட்டணம் செலுத்தும் யூனிட், அதாவது கிலோவாட்மணி, மொத்தத்தில் எவ்வளவு பாய்ந்தது என்பதன் அளவு. முன்னது திறன், பின்னது ஆற்றல் என்று பள்ளிப் பாடநூல்கள் தெளிவாகவே பிரித்திருக்கின்றன. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரியவீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும், ஆக அதிக அளவாக 78,000 ரூபாயும் மானியம் கிடைக்கிறது. இந்த 3 கிலோவாட் என்பது பகலில் தகடுகள் விளைவிக்கும் திறனைக் குறிப்பது. இரவில் வீட்டுக்கு எத்தனை யூனிட் கிடைக்கும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ‘3 கிலோவாட் கொள்ளளவு’ என்று அச்சிட்டுவிட்டால், மூன்று கிலோவாட்டைச் சேமித்து வைக்கும் பெட்டி ஒன்று வீட்டுக்கு வருவதாகப் படிப்பவர் எண்ணுவதைத் தவறு என்று சொல்ல முடியாது.

பேட்டரியில் இந்தச் சொற்குழப்பம் நேராகப் பணத்தைத் தொடுகிறது. நம் வீடுகளில் பரவலாக இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்மணி ஈய-அமில பேட்டரியை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்மணி வருகிறது. 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிகள் மூன்று, இரவு எட்டு மணி நேரம் ஓடினாலும் அதே 1,800 வாட்மணிதான்; எனவே கணக்கு நேராகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி வடிய விட்டால் அதன் ஆயுள் விரைந்து குறையும் என்பதால், எடுக்கத் தக்கது 900 வாட்மணி. இன்வெர்ட்டரின் இழப்பை 15 விழுக்காடு என்று வைத்தால் விசிறிகளுக்கு வந்து சேர்வது 765 வாட்மணி. மூன்று விசிறிகளும் சேர்ந்து 225 வாட் இழுப்பதால், ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில், நடுச்சாமத்திலேயே, எல்லை வந்துவிடும். அதே விசிறிகளை 30 வாட் மட்டுமே இழுக்கும் புதுவகை மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறிகளாக மாற்றினால், பேட்டரியை மாற்றாமலேயே எட்டரை மணி நேரம் கிடைக்கும். கூடுதல் பேட்டரி வாங்குவதற்கு முன் விசிறியை மாற்றுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஆக, மேலே அச்சிட்ட அளவு வேறு, எடுக்கத் தக்க அளவு வேறு. இவற்றைக் ‘கொள்ளளவு’, ‘பயன்கொள்ளளவு’ என்று பிரிக்கலாம். இரண்டையும் இணைக்கும் விழுக்காட்டுக்கு ‘வெளியேற்ற ஆழம்’ என்ற சொல்லாக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. அது ‘டெப்த் ஆஃப் டிஸ்சார்ஜ்’ என்ற ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது; பேட்டரிக்கு ஆழம் என்பது தமிழில் எதையும் உணர்த்துவதில்லை. மின்னேற்றம் என்ற சொல் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. அதன் இணையான மின்னிறக்கத்திலிருந்து இரண்டு சொற்களை ஆக்கலாம்: இந்த நேரத்தில் பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது ‘இறக்க அளவு’, எவ்வளவு வரை இறங்கவிடலாம் என்பது ‘இறக்க வரம்பு’. வழக்கில் இவ்விரண்டையும் ஒரே தொடரால் குறிப்பதால்தான், வாங்குபவர் கேட்பது ஒன்றாகவும் விற்பவர் சொல்வது வேறொன்றாகவும் போகின்றன. ஈய-அமில வகைக்கு இறக்க வரம்பு 50 விழுக்காடு என்றும், லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு 80 முதல் 90 விழுக்காடு வரை என்றும் எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

இந்த லித்தியம் வகையைப் பேசும்போது ‘மின்கலம்’ என்ற சொல்லையும் காக்க வேண்டியிருக்கிறது. 3.2 வோல்ட் கலங்கள் பதினாறு தொடராக இணைந்து 51.2 வோல்ட் பேட்டரி ஆகிறது. 100 ஆம்பியர்மணி என்றால் 5.12 யூனிட். உள்ளே இருப்பதும் மின்கலம், முழுப் பெட்டியும் மின்கலம் என்றால் பழுது பார்ப்பவர் எதைக் கழற்றுவது? மின்கலம் உள்ளிருக்கும் ஒற்றைக் கலத்துக்கே இருக்கட்டும். முழுப் பெட்டியைப் பேட்டரி என்றோ மின்கல அடுக்கு என்றோ எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை.

இன்வெர்ட்டருக்கு வருவோம். ‘மின்மாற்றி’ என்று எழுதுவதை ஏற்கவே முடியாது; அது தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு உரிய பெயர். கடைக்காரரிடமும் மின்பணியாளரிடமும் வழங்கும் இன்வெர்ட்டர் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் அளவுக்குச் சரியான சொல் தேடுவதே இப்போதைக்குப் பயனுள்ளது. ‘இந்த இன்வெர்ட்டர் ஏசியைத் தாங்குமா?’ என்றுதான் மக்கள் கேட்கிறார்கள். தாங்குதிறன் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. இதில் இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். பெட்டியின் மேல் 900 என்று இருப்பது பெரும்பாலும் வோல்ட்ஆம்பியர்; அதில் எவ்வளவு பங்கு வாட்டாகக் கிடைக்கும் என்பதைச் சொல்லும் திறன்காரணி 0.8 என்றால் உண்மையில் தாங்குவது 720 வாட். அடுத்தது, குளிர்பதனப் பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் ஓடத் தொடங்கும் அந்த நொடிகளில், சீராக ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதைத் ‘தொடக்கச் சுமை’ என்றும், சீரான நிலையில் இழுப்பதை ‘ஓடுசுமை’ என்றும் குறித்தால், மோட்டார் போட்டதும் இன்வெர்ட்டர் ஏன் கத்திவிட்டு நின்றுவிடுகிறது என்பதற்கு ஒரே வரியில் விளக்கம் சொல்லலாம்.

தகட்டின் அளவை ‘உச்ச வாட்’ என்று எழுதும் வழக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. உச்சம் என்றதும் உச்சிவெயிலில் கிடைப்பது என்றே பொருள்படும். அந்த எண், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியும், தகட்டுக் கலத்தில் 25 பாகை வெப்பமும் இருக்கும்படி அமைத்த சோதனையில் அளந்தது. வேலூரில் மே மாத நண்பகலில் கூரைத்தகடு 65 பாகைக்குச் சூடாகியிருந்தால், பாகை ஒன்றுக்கு 0.35 முதல் 0.4 விழுக்காடு வரை குறைந்து, 1,000 வாட் தகடு 850 வாட் அளவிலேயே நிற்கும். வெப்பம் மிகுந்த நாளில் விளைச்சலும் மிகும் என்ற எதிர்பார்ப்பை உச்சம் என்ற சொல் வளர்த்துவிடுகிறது. ‘சோதனைநிலை விளைதிறன்’ சற்று நீளம்தான். எனினும் உண்மையைச் சொல்கிறது. நாளொன்றுக்கு எத்தனை யூனிட் என்பதற்கு உற்பத்தி என்பதைவிட ‘விளைச்சல்’ பொருத்தமானது. பருவத்தையும் வானத்தையும் பொறுத்து ஏறி இறங்குவதைத்தான் தமிழில் விளைச்சல் என்கிறோம். தமிழ்நாட்டில் 1 கிலோவாட்டுக்குச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் என்று கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழையின்போது அது வெகுவாகக் குறையும்.

இவற்றையெல்லாம் கணித்து, எந்த உறுப்பு எந்த அளவில் வேண்டும் என்று முடிவு செய்யும் மொத்த வேலைக்கு ‘அளவிடல்’ பொருந்தாது. அளவிடுவதற்கு முன்னே பொருள் இருக்க வேண்டும். ‘வடிவமைப்பு’ மிக அகலமான சொல். வரையறுத்தலைப் போல ‘அளவறுத்தல்’ என்பதை ஆளலாம். தேவையிலிருந்து அளவை அறுதியிடுதல் என்ற பொருள் அதில் அமைந்துவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவாகும் வீட்டுக்கு நாள் தேவை 6.7 யூனிட், நாலால் வகுத்தால் 1.7, எனவே தகட்டின் விளைதிறனை 2 கிலோவாட் என்று அளவறுக்கிறோம். ஒரே நேரத்தில் ஓடக்கூடிய சுமைகளின் கூட்டல் இன்வெர்ட்டரின் தாங்குதிறனை அளவறுக்கிறது. இரவுத் தேவை பேட்டரியை அளவறுக்கிறது. மூன்றுக்கும் தொடக்கப்புள்ளி வெவ்வேறு என்பதால், ஒன்றின் எண்ணைக் கொண்டு மற்றதை ஊகிக்கக் கூடாது.

பேட்டரி இல்லாத வலையிணைப்பு அமைப்பு, அதாவது மின்வாரியக் கம்பிகளோடு இணைந்து இயங்கும் அமைப்பு, மின்தடை வந்ததும் பட்டப்பகலிலும் தானே நின்றுவிடும்; கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. இதை ‘ஆன்டி-ஐலேண்டிங்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்துத் ‘தீவாதல் தடுப்பு’ என்று எழுதினால் வாங்குபவருக்கு ஒன்றும் விளங்காது. ‘மின்தடை நிறுத்தம்’ என்று எழுதினால், வாங்குவதற்கு முன்பே அவர் கேட்க வேண்டியதைக் கேட்பார்.

எஞ்சியிருப்பது, பேட்டரி எவ்வளவு பொழுதுக்கு வரும் என்பதற்கான சொல். ‘எவ்வளவு நேரம் தாங்கும்?’ என்ற பேச்சுவழக்கிலிருந்து ‘தாங்குநேரம்’ பிறக்கிறது. இன்வெர்ட்டருக்கும் தாங்குதல், பேட்டரிக்கும் தாங்குதல் என்றால் குழம்பாதா என்று கேட்கலாம். திறன் என்ற ஈறு எவ்வளவு சுமை என்பதையும், நேரம் என்ற ஈறு எவ்வளவு பொழுது என்பதையும் பிரித்துவிடுகின்றன. மின்வாரிய இணைப்பே இல்லாத மலைத்தோட்ட வீடுகளில் வெயிலில்லாத நாட்களையும் பேட்டரியே ஈடுகட்ட வேண்டும். அங்கே மணிக்கணக்கு போதாது என்பதால், அதே வழியில் ‘தாங்குநாள்’ என்று ஆக்கி, ‘இரண்டு தாங்குநாளுக்கு அளவறுத்த பேட்டரி’ என்று எழுதலாம்.