பி பிளாக் பூனைக் குழு: புஜ்ஜிக்கு சர்க்கரை

மீனா 10:12
எல்லாருக்கும் வணக்கம். புஜ்ஜிக்கு சர்க்கரை நோய்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ரத்தத்துல 412, மூத்திரத்துலயும் சர்க்கரை. வயசு 9. போன வருஷம் 6.1 கிலோ இருந்தான், இப்ப 4.9. இன்னிக்கு ராத்திரியிலேருந்து ஊசி. கிளார்ஜின்னு ஒரு இன்சுலின், காலையும் மாலையும் 1 யூனிட். ரொம்ப பயமா இருக்கு.

கார்த்தி டி3 10:14
புஜ்ஜி மூத்திரம் போற மண் தட்டுல எறும்பு மொய்க்குதுன்னு போன வாரம் கேட்டீங்களே, அது இதனாலயா அக்கா?

செல்வி அக்கா 10:19
அதேதான். பூனைக்கு ரத்த சர்க்கரை 250, 270 தாண்டினா கிட்னியால பிடிச்சு வைக்க முடியாது, மூத்திரத்துல இறங்கிடும். போறப்ப தண்ணியையும் இழுத்துட்டுப் போகும். அதான் அவ்வளவு மூத்திரம், அவ்வளவு தாகம். சாப்பாடு உள்ள போயும் செல்லுக்குச் சேரல, அதனால தசையும் கொழுப்பும் கரையுது. மீனா, பயப்படாதம்மா. ஒழுங்கா பார்த்துக்கிட்டா நல்லா இருப்பான்.

ராகவன் சார் 10:23
கிளினிக்ல பயந்தாலே பூனைக்கு சர்க்கரை ஏறும்னு சொல்வாங்களே. 412 அப்படி வந்ததா இருக்காதா?

செல்வி அக்கா 10:27
நல்ல கேள்வி சார். பயத்துல 300க்கு மேல கூட போகும். ஒரே ஒரு ரத்த நம்பரை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுங்கறது அதனாலதான். ஆனா இவனுக்கு மூத்திரத்துலயும் இருக்கு, எடையும் இறங்கியிருக்கு. மீனா, ஃப்ரக்டோசமைன் டெஸ்ட் எடுத்தாங்களா? நமக்கு மூணு மாச சராசரி பார்க்கறாங்கள்ல, அந்த மாதிரி. இது கடைசி ரெண்டு வார நிலவரத்தைக் காட்டும். ஒரு மணி நேர பயத்துல இது ஏறாது.

மீனா 10:29
எடுத்தாங்க, அதுவும் ஜாஸ்தின்னு வந்துச்சு.

செல்வி அக்கா 10:30
அப்ப சந்தேகமில்ல. இன்னொண்ணு. அரிப்புக்கு ஏதாவது நீண்ட நாள் ஊசி போட்டீங்களா?

மீனா 10:31
ஆமாக்கா, ரெண்டு மாசம் முன்னாடி. ஒரு ஊசி, பல வாரம் தாங்கும்னு சொன்னாங்க.

செல்வி அக்கா 10:35
அது ஸ்டீராய்டா இருக்கும். இன்சுலினை வேலை செய்ய விடாது. குண்டான, குடும்பக்கட்டுப்பாடு பண்ணின ஆண் பூனைக்கு ஏற்கனவே ஆபத்து அதிகம், அதோட இது சேர்ந்தா நோய் வெளிய வந்துடும். பழைய சீட்டை எடுத்துட்டுப் போய் இப்ப பார்க்கற டாக்டர்கிட்ட கட்டாயம் காட்டுங்க. அந்த மருந்து உடம்பை விட்டுப் போகப் போக இன்சுலின் தேவை குறையும். டோஸை அப்படியே விட்டா சர்க்கரை ரொம்ப இறங்கிடும்.

ராகவன் சார் 10:37
மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்துப் பார்க்கக் கூடாதா? ஊசி வேண்டாமே.

செல்வி அக்கா 10:42
பூனைக்கு மெட்ஃபார்மின் கேக்காது சார். அமெரிக்காவுல 2022 டிசம்பர்ல பெக்ஸாகிளிஃப்ளோசின்னு பூனைக்குன்னே ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தாங்க, 2023ல வெலாகிளிஃப்ளோசின்னு வாயில ஊத்தற மருந்து. அதுவும் எல்லா பூனைக்கும் ஆகாது. முன்னாடி இன்சுலின் போட்ட பூனைக்குக் கூடாது, கீட்டோன், அதாவது கொழுப்பு கரையறப்ப ரத்தத்துல சேர்ற அமிலம், இருந்தா கூடாது. அதே குடும்பத்து மனுஷ மாத்திரையை வீட்டுல உடைச்சுக் கொடுக்கறது ரொம்ப ஆபத்து. புஜ்ஜிக்கு ஊசிதான் சரி.

மீனா 11:05
மருந்து வாங்கிட்டேன். படம் அனுப்பறேன். இது சரியான சிரிஞ்சா?

இக்பால் பாய் மெடிக்கல் 11:07
மீனாம்மா, அந்த சிரிஞ்சைத் தொடாதீங்க. மூடி சிவப்பா இருக்கு பாருங்க. அது 40 யூனிட் சிரிஞ்ச். நீங்க வாங்கின கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதுக்கு ஆரஞ்சு மூடிதான் வேணும்.

மீனா 11:08
கோடு ரெண்டுலயும் ஒண்ணு ஒண்ணாதானே போட்டிருக்கு பாய்?

இக்பால் பாய் மெடிக்கல் 11:15
அங்கதான் தப்பு நடக்கும். சிவப்பு மூடியில ஒரு கோடுன்னா 0.025 மில்லி. ஆரஞ்சுல ஒரு கோடு 0.01 மில்லி. சிவப்பு மூடியில 1ன்னு இழுத்தா உள்ள வரது 2.5 யூனிட். 5 கிலோ பூனைக்கு முதல் நாளே அது போனா உயிருக்கே ஆபத்து. தலைகீழா, 40 இன்சுலினை ஆரஞ்சு மூடியில எடுத்தா 0.4 யூனிட்தான் போகும், சர்க்கரை இறங்கவே இறங்காது. நம்ம ஊர்ல ரெண்டு வகையும் ஒரே கவுண்டர்ல விக்கறோம். பாட்டில்ல 100 ஐயூன்னு இருக்கா, சிரிஞ்ச்லயும் 100 இருக்கா, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் படிச்சுட்டுதான் வாங்கணும். ஒவ்வொரு தடவையும்.

இக்பால் பாய் மெடிக்கல் 11:17
0.3 மில்லி சிரிஞ்ச், அரை யூனிட் கோடு போட்டது கேளுங்க. நாளைக்கு டாக்டர் 1லேருந்து 1.5ன்னு சொன்னா ஒரு மில்லி சிரிஞ்ச்ல கண்ணால அளக்க முடியாது. இன்சுலின் பேனாவும் வேண்டாம், பெரும்பாலானது முழு யூனிட் கணக்குலதான் நகரும். 3 மில்லி கார்ட்ரிட்ஜ் வாங்கி சிரிஞ்சால உறிஞ்சிக்கலாம். உள்ள காத்து அடிக்காதீங்க.

மீனா 11:18
நல்ல வேளை கேட்டேன் பாய். இப்பவே மாத்திட்டு வரேன்.

ஜெனிஃபர் ஏ1 11:26
ஃப்ரிட்ஜ்ல கதவுல வைக்காதீங்க மீனா, திறந்து மூடற சூடு படும். ஃப்ரீசர் பக்கமும் வேண்டாம், ஒரு தடவை உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். நடுத்தட்டுல ஒரு டப்பாவுல வைங்க, 2லேருந்து 8 டிகிரி. கிளார்ஜின் தண்ணி மாதிரி தெளிவா இருக்கணும், கலங்கினா வேண்டாம். குலுக்கத் தேவையில்ல. திறந்த தேதியை ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டுங்க. புயல் நேரத்துல கரண்ட் நாள் கணக்குல போகும். அப்ப தண்ணி புகாத டப்பாவுல போட்டு, ஈர மண்பானைக்குள்ள நிழல்ல வைங்க. ஐஸ்கட்டி நேரா படக் கூடாது.

மீனா 11:40
சரியான சிரிஞ்ச் வாங்கிட்டேன். எங்க குத்தணும்? டாக்டர் பிடறியில காட்டினாங்க.

செல்வி அக்கா 11:49
விலா பக்கமும் வயித்தோரமும் இன்னும் நல்லா ஏறும். தினமும் இடம் மாத்து, இன்னிக்கு இடது, நாளைக்கு வலது. ஒரே இடத்துல போட்டா கட்டி பிடிக்கும், மருந்து சரியா உறியாது.

சாப்பாடு வை. அவன் சாப்பிட ஆரம்பிச்சதும் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கு. ஊசியோட சாய்ஞ்ச வாய் மேல பார்க்கட்டும். கூடாரத்தோட அடிவாரத்துல, உடம்புக்கு இணையா உள்ள விட்டு அழுத்து. மேல தூக்கினா மறுபக்கம் வெளிய வந்துடும், மருந்து முடியில போகும். எடுத்ததும் முடியைத் தடவிப் பாரு. ஈரமா இருந்தா, எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரியலைன்னா, திரும்பப் போடாதே. அடுத்த வேளை பார்த்துக்கலாம். ஒரு வேளை சர்க்கரை கூடுதலா இருந்தா தாங்குவான், ரெட்டை டோஸ் தாங்க மாட்டான்.

கார்த்தி டி3 11:51
நேரம் ஒரு மணி நேரம் தள்ளிப் போனா?

செல்வி அக்கா 11:53
ஒரு மணி நேரம் முன்னப் பின்ன பரவாயில்ல. முழு வேளை விட்டுப் போச்சுன்னா விட்டதுதான், அடுத்ததுல சேர்த்துப் போடக் கூடாது. சாப்பிடலை, இல்ல வாந்தி எடுத்தான்னா டாக்டரைக் கேக்காம போடாதே.

மீனா 12:10
சாப்பாடு என்ன கொடுக்கறது? இப்ப உலர் தீனி, சாயந்திரம் கொஞ்சம் தயிர் சாதம்.

ஜெனிஃபர் ஏ1 12:22
தயிர் சாதம், பால், பிஸ்கட் இன்னிக்கே நிறுத்துங்க. உலர் தீனியும் மாவுச்சத்துதான். பாக்கெட்ல போட்டிருக்கறதைக் கழிச்சுப் பாருங்க. புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, சாம்பல் (தாது உப்பு) 9, ஈரம் 10னா 100ல மிச்சம் 33 மாவுச்சத்து. சக்தி கணக்குல 35 சதவீதம். நமக்கு 12க்குக் கீழ வேணும். டின் உணவுல புரதம் 11, கொழுப்பு 5, நார் அரை, சாம்பல் 2, ஈரம் 80னா மிச்சம் 1.5, சக்தியில 6 சதவீதம். அட்டையில சாம்பல் போடலைன்னா உலர்ல 8, டின்ல 2ன்னு வெச்சுக்கலாம். குழம்பு மாதிரி கெட்டியா வர பவுச்சுல பெரும்பாலும் மாவு சேர்ப்பாங்க. கூழ் மாதிரி இருக்கறது நல்லது.

ராகவன் சார் 12:25
வேகவெச்ச மத்தியும் கோழியும் போதாதா? மாவுச்சத்தே இல்லையே.

ஜெனிஃபர் ஏ1 12:31
சில நாளைக்கு ஓகே சார். மாசக் கணக்குல அது மட்டும்னா சுண்ணாம்புச்சத்து கிடைக்காது, டாரின்ங்கற சத்தும் பத்தாது, கண்ணும் இதயமும் கெடும். டின் உணவோட கொஞ்சமா சேர்த்துக்கலாம். பச்சை மத்தி வேண்டாம், தயமின் வைட்டமினை அழிக்கற பொருள் அதுல இருக்கு, வேகவெச்சா போயிடும். குழம்பு மீனைக் கழுவிப் போடறதும் வேண்டாம், வெங்காயம் பூண்டு பூனைக்கு விஷம்.

செல்வி அக்கா 12:38
ஜெனிஃபர் சொன்னது சரி. ஆனா மீனா, டாக்டர்கிட்ட சொல்லாம சாப்பாட்டை மாத்தாதே. தயிர் சாதத்தை இன்னிக்கு நிறுத்தினா கூட சொல்லிடு. மாவுச்சத்து குறைஞ்சா இன்சுலின் தேவையும் சட்டுனு குறையும். பழைய டோஸ், புது சாப்பாடு, அதுலதான் நிறைய பூனை மயங்கி விழறது. வாரம் ஒரு நாள் எடை போடு. பட்டினி மட்டும் போடவே கூடாது, ஈரல்ல கொழுப்பு அடைச்சிடும்.

மீனா 12:41
மயங்கினா என்ன பண்ணணும்? இதுதான் ரொம்ப பயம்.

செல்வி அக்கா 12:52
முதல்ல தள்ளாடுவான், நடுக்கம் இருக்கும், வெறிச்சுப் பார்ப்பான், திடீர்னு அகோரப் பசி வரலாம். மீட்டர் இருந்தா பாரு, 60க்குக் கீழன்னா அவசரம். மீட்டர் தேடி நேரம் போக்காதே. தானா சாப்பிடறான்னா உடனே உலர் தீனி வை, அந்த நேரத்துக்குன்னே ஒரு டப்பா வெச்சிரு. சாப்பிட முடியலைன்னா ஒரு டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரை ரெண்டு டீஸ்பூன் தண்ணியில கரைச்சு, இல்ல தேன் எடுத்து, விரலால ஈறுல தடவு. வலிப்பு வந்தா வாய்க்குள்ள விரல் விடாதே, ஊத்தவும் ஊத்தாதே, நுரையீரலுக்குப் போயிடும். உதட்டு ஓரத்துல தடவிக்கிட்டே கிளினிக்குக்குக் கிளம்பு. எழுந்து நடந்துட்டாலும் டாக்டருக்குச் சொல்லு. கிளார்ஜின் மணிக்கணக்கா வேலை செய்யும், திரும்பவும் இறங்கும். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை பாரு. அடுத்த ஊசி டாக்டர் சொன்னாதான்.

இக்பால் பாய் மெடிக்கல் 12:58
குளுக்கோமீட்டர் நம்ம மனுஷங்களோடதே போதும். பூனை ரத்தத்துல நிஜத்தை விட கொஞ்சம் குறைச்சு காட்டும், அதனால ஒரே மீட்டர்லயே எப்பவும் பாருங்க. கூடவே கீட்டோன் பார்க்கற மூத்திர ஸ்ட்ரிப் ஒரு டப்பா.

ஜெனிஃபர் ஏ1 13:07
ரத்தம் காது ஓரத்துல எடுக்கணும். அரிசியைத் துணியில முடிஞ்சு லேசா சூடாக்கி, உங்க கையில வெச்சுப் பார்த்துட்டு, காதுல அரை நிமிஷம் ஒத்தணும். பின்னாடி பஞ்சு வெச்சு, ஓரத்து ரத்தக்குழாய்க்கும் விளிம்புக்கும் நடுவுல ஒரு குத்து. அப்புறம் அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க, இல்லைன்னா கன்னிப்போகும். முதல் வாரம் ரத்தம் சட்டுனு வராது, சலிச்சுக்காதீங்க. போகப் போகச் சுலபமா வரும். ஊசிக்கு முன்னாடி 200க்குக் கீழ காட்டினா போடாம டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க.

ராகவன் சார் 13:10
நம்பர் குறையலைன்னா டோஸைக் கூட்டலாமா?

செல்வி அக்கா 13:18
வீட்டுல கூட்டவே கூடாது சார். ஒரு டோஸ் நிலைக்கவே அஞ்சு ஏழு நாள் ஆகும். அப்புறம் ஒரு நாள் 12 மணி நேரம், ரெண்டு மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதணும். அன்னிக்கு வர்ற ரொம்பக் குறைஞ்ச நம்பர் 80லேருந்து 150க்குள்ள இருந்தா நல்லது. அதைப் பார்த்துதான் டாக்டர் அரை யூனிட் ஏத்துவாங்க, இறக்குவாங்க. ஏத்திக்கிட்டே போயும் இறங்கலைன்னா பல், மூத்திரப்பை, கணையம் எதுலயாவது நோய் இருக்கான்னு தேடணும். சர்க்கரை அடங்காமலே எடை மட்டும் ஏறினா மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பியைச் சந்தேகப்படணும்.

மீனா 13:20
ஸ்ட்ரிப்ல கீட்டோன் வந்தா?

செல்வி அக்கா 13:22
காத்திருக்காதே. அதோட சாப்பிடாம, வாந்தி எடுத்து, சுருண்டு படுத்தான்னா ராத்திரின்னாலும் கிளம்பு. எந்த கிளினிக் ராத்திரி திறந்திருக்கும்னு இன்னிக்கே விசாரிச்சு நம்பரை ஒட்டி வை. வேப்பேரி கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரி நேரத்தையும் கேட்டு வை.

மீனா 13:24
பின்னங்காலை முழுசா தரையில வெச்சு நடக்கறான். அது சரியாகுமாக்கா? இது வாழ்நாள் பூரா ஊசியா?

செல்வி அக்கா 13:33
கால் நரம்பு பாதிப்பு அது. சர்க்கரை கட்டுப்பட்டா மெதுவா, மாசக் கணக்குல, நிறைய பூனைக்குத் திரும்புது. ஊசியும் எல்லாருக்கும் வாழ்நாள் பூரா இல்ல. கிர்ஸ்டன் ரூம்ப்பும், ஆஸ்திரேலியாவுல குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து ஜாக்கி ராண்டும் 2009ல எழுதினாங்க. மாவுச்சத்து குறைஞ்ச சாப்பாடு, கிளார்ஜின், வீட்டுலயே அடிக்கடி டெஸ்ட். நோய் தெரிஞ்ச ஆறு மாசத்துக்குள்ள இப்படி ஆரம்பிச்ச பூனைங்கள்ல பெரும்பாலானதுக்கு இன்சுலினே தேவைப்படாம போச்சு. நீ முதல் நாள்லயே இருக்க. ஸ்டீராய்டும் இறங்கப் போகுது.

மீனா 13:36
கண்ணுல தண்ணி வந்துடுச்சுக்கா. ஆனா 14ஆம் தேதி மூணு நாள் மதுரை போகணும், தங்கச்சி கல்யாணம்.

ஜெனிஃபர் ஏ1 13:38
காலை 7, ராத்திரி 7 நான் வரேன். கார்த்தி சாப்பாடு பார்த்துக்கட்டும். ஊசி மட்டும் ஒரே கையா இருக்கட்டும்.

கார்த்தி டி3 13:39
நான் ரெடி.

செல்வி அக்கா 13:43
ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு தாள் ஒட்டு. நேரம், சர்க்கரை, எவ்வளவு சாப்பிட்டான், எத்தனை யூனிட், எந்தப் பக்கம், யார் போட்டது. போட்ட கையோட டிக். வீட்டுல ஒருத்தர் போட்டது தெரியாம இன்னொருத்தர் போடறதுதான் பெரிய ஆபத்து. ஊசியெல்லாம் கெட்டி பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு மூடி கிளினிக்ல கொடு. குப்பை எடுக்கற அக்கா கையில குத்தும்.

மீனா 19:16
போட்டாச்சு! 7:10. சர்க்கரை 371, முக்கால் கிண்ணம் சாப்பிட்டான், 1 யூனிட், ஆரஞ்சு மூடி. முடி ஈரமா இல்ல. அவன் திரும்பிக் கூட பார்க்கல.

செல்வி அக்கா 19:17
எந்தப் பக்கம்?

மீனா 19:17
இடது. எழுதிட்டேன்.

செல்வி அக்கா 19:19
11 மணிக்கு எழுப்பி நடக்க விட்டுப் பாரு. நான் முழிச்சிருப்பேன், கூப்பிடு.