கலைச்சொல் விவாதம்: ஊசியால் கம்பளியை இறுக்கும் கைவினைக்குத் தமிழில் என்ன பெயர்?

கைவினை ஆசிரியை, பட்டர்வொர்த்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி மண்டபத்தில் இம்மாதம் பெண்களுக்கான கைவினை வகுப்பு தொடங்குகிறது. தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முள் வெட்டிய ஊசியால் ஆட்டுக் கம்பளியைத் திரும்பத் திரும்பக் குத்தி, தண்ணீரும் சவர்க்காரமும் இல்லாமலே கெட்டியான உருவங்களாக ஆக்கும் 'நீடில் ஃபெல்டிங்' தான் பாடம். 'ஊசிப் பின்னல்' என்று எழுதினால், நூல் கொண்டு பின்னுவதாகவே எங்கள் பெண்கள் புரிந்துகொள்கிறார்கள். எவ்வளவு கம்பளி வாங்குவது என்ற கணக்குக்குக் கையேட்டில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். உள்ளே வைக்கும் நிறமேற்றாத கம்பளிக்கும் மேலே போர்த்தும் நிறக் கம்பளிக்கும் அங்கே தனித்தனிப் பெயர் வேண்டும். உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோலாலம்பூர்:

அம்மையீர், நூற்காமலும் நெய்யாமலும் இழைகளை நெருக்கியே உண்டாக்கும் பொருளுக்குப் பின்னல் என்பது பொருந்தாதுதான். ஆனால் 'கம்பளி'யையே நாம் முதலில் ஆராய வேண்டும்; அது வடமொழிக் கம்பலத்தின் வழி வந்தது. 'பட்டினும் மயிரினும் பருத்தி நூலினும்' நுண்வினை செய்த காருகர் என்னும் நெசவாளரின் இருக்கையைச் சிலப்பதிகாரம் புகாரிலே காட்டுகிறது. நெசவுக்குரிய விலங்கிழையை மயிர் என்றே நம்மவர் தயக்கமின்றி வழங்கினர். ஆகவே 'மயிர்ச்செறிப்பு' என்பது என் பரிந்துரை. செறித்தல் என்றால் நெருக்கி அடக்குதல். தொழிலின் இயல்பை அதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் வினை வேறில்லை.

மொழிபெயர்ப்பாளர், ஜோர்ஜ்டவுன்:

ஐயாவின் மீது எனக்குள்ள மதிப்பு குறையாமல் மறுக்கிறேன். 'மயிர்' இன்று தெருவில் வசைச்சொல். கவரிமாவைப் போற்றிய வள்ளுவரே 'தலையின் இழிந்த மயிரனையர்' என்று இழிவுக்கும் அதை உவமையாக்கினார். வகுப்பில் அந்தத் தலைப்பை உரக்கப் படிக்க எந்த ஆசிரியைக்கு மனம் வரும்? 'உரோமம்' என்றால் வடசொல் என்பீர்கள். ரகரம் மொழிமுதல் வாராது என்ற விதிக்கு அடங்கி, உகரத்தை முன்னே சேர்த்துத் தமிழுக்குள் எப்போதோ குடியேறிவிட்ட சொல் அது. ஆயினும் கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் கம்பளியே தெரியும், அதை விட்டுவிடுவோம்.

'செறிப்பு' குறித்து எனக்கு இன்னும் வலுவான தடை உண்டு. றகரத்தையும் ரகரத்தையும் பேச்சில் வேறுபடுத்தாத நம் ஊரில், 'ஊசிச்செறிப்பு' என்பது காதுக்கு உணவு செரிப்பதாகவே விழும். 'ஊசிப்பிணைப்பு' என்று வையுங்கள். ஊசியின் முள் இழைகளைப் பற்றி ஒன்றோடொன்று பிணைக்கிறது, கேட்டவுடன் விளங்கும்.

பொறியாளர், புக்கிட் மெர்தாஜாம்:

பள்ளிப் பிள்ளைகள் எழுதுபொருள் கடையில் 'ஃபெல்ட் துணி' என்று கேட்டு வாங்கி வருகிறார்கள். 'ஃபெல்ட் கலை' என்று எழுதினால் வெள்ளிக்கிழமைக்குள் அச்சடிக்கலாம்.

கம்பளி உருவங்கள் செய்பவர், கோலாலம்பூர்:

இந்த வேலையைச் செய்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பெயரில் 'செறி' இருந்தே ஆக வேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம், அக்கா கேட்கும் அந்தக் கணக்குப் பக்கமே. மேசையில் குவித்து வைத்த கம்பளியைப் பார்த்ததும் புதியவர்கள் தாராளமாக இருக்கிறதென்று நம்பிவிடுகிறார்கள். குத்தக் குத்த அது திரட்டுப்பால் சுண்டுவதுபோல் சுருங்கி, பாதி உடலோடு கம்பளி தீர்ந்துவிடுகிறது. குவியலின் பருமனை நம்பவே கூடாது. நிறுத்துத்தான் கணக்கிட வேண்டும். தொல்காப்பியம் அளவுப் பெயரையும் நிறைப் பெயரையும் பிரித்து வைத்ததை இங்கே நினைத்துக்கொள்கிறேன்: நாழியும் உழக்கும் அளவு, கழஞ்சும் பலமும் நிறை. நம்முடையது நிறைக்குரிய பொருள். அதனால் கணக்குக்கு 'நிறைக்கணிப்பு' என்று பெயரிடலாம்.

கையேட்டில் முதலில் ஒரு சோதனை உருண்டை செய்யச் சொல்லுங்கள். 4 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டைக்கு உள்ளே 5 கிராமும் மேலே 1 கிராமும் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் செய்யும் உருவம் ஓர் ஆந்தை, அதன் உடல் 8 செ.மீ. என்றால் பலரும் இருமடங்கு வாங்குவார்கள். ஆனால் குறுக்களவு இரட்டித்தால் உள்ளளவு எட்டு மடங்காகும், மேற்பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே அதே இறுக்கத்துக்கும் அதே போர்வைத் தடிப்புக்கும் உள்ளே ஏறத்தாழ 40 கிராமும் மேலே 4 கிராமும் வேண்டும். 20 பேர் வகுப்புக்கு உடல்களுக்கு மட்டும் 800 கிராமும் 80 கிராமும் ஆகிறது. தலை, இறக்கை, சேதாரம் ஆகியவற்றைத் தனியே கூட்ட வேண்டும். விலை கூடிய நிறக் கம்பளி எவ்வளவு குறைவாகப் போதும் என்பதும் இதில் தெரிந்துவிடுகிறது.

சோதனை உருண்டையைச் செய்யும் கை எவ்வளவு இறுக்குகிறதோ அதைப் பொறுத்தே இந்த எண்கள் அமையும். ஆகவே ஒவ்வொருவரும் தம் உருண்டையைத் தாமே நிறுக்க வேண்டும். இழைகள் பல திசையில் கிடக்கும் வாரிய கம்பளி விரைவில் இறுகும். ஒரே திசையில் சீவிய கம்பளி நேரம் எடுக்கும் என்பதால் அதை மேலே போர்த்தவே வைத்துக்கொள்ளலாம். கம்பளி தன் உலர் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத் தொட்டால் தெரியாதபடி உறிஞ்ச வல்லது. பினாங்குக் காற்றில் திறந்து கிடந்த கம்பளியையும் உறையிலிருந்து அப்போதே பிரித்ததையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

இவ்வளவையும் 'பிணைப்பு' என்ற சொல் சொல்லாது. 'செறிகம்பளி' என்பது சொல்லும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோலாலம்பூர்:

'செறிகம்பளி' மிக அழகு. வினைத்தொகையாதலால் ஒற்று மிகவில்லை. செறிந்த, செறிகின்ற, செறியும் என முக்காலமும் அதில் அடங்கும். மயிரை நான் விட்டுக்கொடுக்கிறேன். செறிவை விட்டுக்கொடுக்க மாட்டேன். உள்ளே வைப்பது 'உட்கம்பளி', மேலே போர்த்துவது 'மேற்கம்பளி'. ளகரம் டகரமாகவும் லகரம் றகரமாகவும் திரிந்து இயல்பாக அமைகின்றன. அகம், புறம் என்று இலக்கியத்தை இழுக்கத் தேவையில்லை.

தொடக்கப்பள்ளி ஆசிரியை, பிறை:

'நிறை' என்றால் இங்கே படித்தவர்கள் 'குறை'க்கு எதிர்ச்சொல்லாகவே எடுத்துக்கொள்வார்கள். நம் தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் பொருண்மை, கொள்ளளவு என்பவையே பழகிய சொற்கள். கையேட்டைப் படிக்கப்போகும் தாய்மார்களும் அதே பள்ளிகளில் படித்தவர்கள்தாம். அன்றாடப் பேச்சில் 'எடை' என்கிறோம், 'எடைக்கணக்கு' போதுமே. செறிப்பா பிணைப்பா என்றால் என் வாக்கு பிணைப்புக்கே.

கைவினை ஆசிரியை, பட்டர்வொர்த்:

எல்லோருக்கும் நன்றி. தொழிலுக்கு 'ஊசிப்பிணைப்பு' என்பதையே கூடுதலானோர் ஏற்கிறார்கள். அச்சகத்தார் காத்திருப்பதால் அதை வைத்து, அருகில் 'ஃபெல்ட்' என்றும் போடுகிறேன். உட்கம்பளியும் மேற்கம்பளியும் தடையின்றி ஏற்கப்பட்டன. கணக்குப் பக்கத்தின் தலைப்பு 'கம்பளி எடைக்கணக்கு'. சோதனை உருண்டைப் பகுதியை முழுமையாகச் சேர்த்துவிட்டேன்.

கம்பளி உருவங்கள் செய்பவர், கோலாலம்பூர்:

அச்சுக்குப் போகட்டும், அக்கா, தடுக்க மாட்டேன். என் வகுப்புகளில் நான் செறிகம்பளி என்றே சொல்லிக்கொடுப்பேன். மறுபதிப்பு வரும்போது தாய்மார்களையே கேட்டுப் பாருங்கள்: கம்பளி ஏன் போதவில்லை என்பதை அவர்களுக்கு எந்தப் பெயர் விளக்கியது என்று.